முப்பத்தொன்றாம் தேதி வரை எழுதிய எடை

ஆஸ்மாவின் வேலை மதிப்பெண் வாங்கி வருவது. இதயம் பலவீனமானவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் ஓர் அமைப்பில், தாதியர் எப்படிக் கவனிக்கிறார்கள் என்று நோயாளிகளிடம் கேட்டுக் குறித்துக்கொள்வாள். பத்தொன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். அதற்கு முன் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் பதினான்கு வருடம் சேலை விற்றவள். "ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வாங்காமல் நழுவுகிறவர்களை நிறையப் பார்த்திருந்ததால், அந்த வார்த்தையை அவள் எளிதில் நம்புவதில்லை.

போன மார்ச்சில் பிடோக்கில் இராமசாமி வீட்டுக்குப் போனாள். எழுபத்திரண்டு வயது, பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவள் உட்காருவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுரும்மா."

"இன்னும் கேள்வியே கேக்கலையே அங்கிள்."

"கேள்வி எதுவா இருந்தா என்ன? நர்ஸ் திவ்யதர்ஷினி தங்கமான புள்ள. அஞ்சு போடு லா."

எடையைப் பற்றிய கேள்வி வந்தது. உடம்பில் நீர் கோத்தால் முதலில் காட்டிக்கொடுப்பது எடைதான். அதனால் தினமும் காலையில் பார்த்து எழுத வேண்டும். இராமசாமி பெருமையாக நோட்டை நீட்டினார். ஒன்றாம் தேதி 68. இரண்டாம் தேதி 68. முப்பத்தொன்று வரை அதே 68.

அன்றைக்குத் தேதி பன்னிரண்டு.

"அங்கிள், இருபத்தஞ்சாம் தேதி எடை இப்பவே எப்படித் தெரிஞ்சுது?"

இராமசாமி மின்விசிறியைப் பார்த்தார். சமையலறையிலிருந்து அவர் மனைவி பூவம்மா எட்டிப்பார்த்தார்.

"ஒண்ணாந்தேதி நர்ஸ் வந்து பாத்தப்ப அறுபத்தெட்டு. அதையே மாசம் முழுக்க எழுதிட்டாரு. எடை கூடினா அந்தப் பொண்ணு முகம் வாடிப்போவுதாம்! ராத்திரியில மூணு தலையணை வச்சாத்தான் மூச்சு விடுறாரு, அதையும் சொல்லக் கூடாதாம்."

ஆஸ்மா கட்டிலுக்கடியில் குனிந்து, இரண்டு பெட்டிகளை நகர்த்தி, எடை இயந்திரத்தை இழுத்து அவரை ஏற்றி நிறுத்தினாள். 71.2. கணுக்காலில் காலுறையின் தடம் பள்ளமாகக் கிடந்தது. உடனே திவ்யதர்ஷினிக்குப் போன் போட்டாள். அன்று மத்தியானமே அவள் வந்து பார்த்து, மருத்துவரிடம் பேசி, நீரை வெளியேற்றும் மாத்திரையைக் கூட்டினாள். நாலு நாளில் எடை இறங்கியது. மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

"எடை கூடினா நான் அழ மாட்டேன் அங்கிள். மறைச்சீங்கன்னாதான் அழுவேன்" என்றாள் திவ்யதர்ஷினி. இராமசாமி பள்ளிப் பிள்ளை மாதிரி தலையாட்டினார்.

ஆஸ்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. நடந்ததை எழுத அவளுடைய தாளில் இடமே இல்லை. ஓரத்தில் நுணுக்கி எழுதி, மேலாளர் ரஞ்சனிடம் கொண்டுபோனாள்.

"கேள்வியில இல்லாதத நாம எப்படி அளக்கிறது?" என்றார் அவர்.

"அப்ப கேள்விய மாத்துங்க சார். எடை பாக்கணும்னு நர்ஸ் சொன்னாங்களான்னு கேக்குறோம். வீட்டுல நடக்குதான்னு கேக்கவே இல்லையே."

ரஞ்சன் அதைக் குறித்துக்கொண்டார். அடுத்த மாதம் இருபதாவது கேள்வி சேர்ந்தது: நோயாளியை அங்கேயே எடை பார்க்கச் சொல்லி, நோட்டோடு ஒப்பிட வேண்டும். இரண்டே மாதத்தில் இன்னும் ஒன்பது வீடுகளில் இதே கதை வெளிப்பட்டது. அமைப்பின் மதிப்பெண் சரிந்தது. மருத்துவமனைக்குத் திரும்ப ஓடுகிறவர்களும் குறைந்தார்கள்.

இராமசாமி இப்போது தினமும் காலை ஏழு மணிக்கு எடையைப் படம் பிடித்துத் திவ்யதர்ஷினிக்கு அனுப்புகிறார். படத்தில் பாதி அவருடைய கால் விரல்கள்தான் இருக்கும்.