பதினாறு டைல்ஸும் ஒரு தேங்காய் நாரும்

இன்று காலை ஆற்றுக்குள் என் டைல்ஸ் எல்லாம் பளபளவென்று மின்னின...

மின்னக் கூடாது மக்களே!

விஷயம் தெரியாதவர்களுக்கு: என் பிஎச்டி முழுக்க ஆற்றுப் பாசியும் அதை மேய்கிற பூச்சிகளும்தான். (அம்மா பாஷையில், "புள்ள ஏதோ வழுக்கற சப்ஜெக்ட் படிக்குது.")

ஆடு மாதிரி பாசி மேய்கிற குட்டிப் பூச்சி ஒன்று உண்டு. தட்டை உடம்பு, மூன்று வால், வயிறு நிறையும்வரை தலை நிமிராது. (ஹாஸ்டல் மெஸ்ஸில் என்னைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.)

அது மேயாவிட்டால் பாசி எவ்வளவு வளரும்? இதுதான் கேள்வி.

இதற்காக இண்டூர்ப் பக்கம் ஓடுகிற ஆற்றில் பதினாறு செங்கல் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு டைல் ஒட்டினேன். அதில் எட்டுச் செங்கலைச் சுற்றி மட்டும் பூச்சி ஏற முடியாதபடி கிரீஸ் தடவினேன்.

முப்பத்தைந்து நாள் காத்திருந்தேன்.

பூச்சி மேய்ந்த எட்டும் கிட்டத்தட்ட மொட்டை. கிரீஸ் போட்ட எட்டிலும் பாசி புசுபுசுவென்று! இன்று என் கைடு வந்து பார்த்ததும் இரண்டு எட்டையும் சுரண்டி, எடை போட்டு ஒப்பிட வேண்டும். அந்த எடை கிடைத்தால்தான் தீசிஸ் முடியும்.

நேற்று சாயங்காலம், அங்கே தினமும் பால் கேன் கழுவ வந்து, என் பூச்சிக் கதையையும் கிரீஸ் கதையையும் கேட்கிற மேரி அக்காவிடம் சந்தோஷத்தில் உளறிவிட்டேன்.

"நாளைக்கு எங்க சார் இதப் பாக்க வர்றாருக்கா!"

இன்று காலை போனால் பதினாறும் பளிச்!

கரையில் மேரி அக்கா. கையில் தேங்காய் நார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"பாதி டைலு பாசியேறிக் கெடந்துச்சு பாப்பா. சார் பாத்தா ஒன்னையத்தானே திட்டுவாரு? அதான் சோப்புப் பவுடர் போட்டுத் தேச்சு வுட்டேன்."

முப்பத்தைந்து நாள் உழைப்பு நுரையோடு மேட்டூர்ப் பக்கம் போய்விட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏன் பாப்பா அழுவுற? இன்னும் எங்கனா அழுக்கு இருக்குதா?"

அந்த நேரம் பார்த்து கைடு வந்து இறங்கினார். டைல்ஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"பாப்பாவ ஒன்னும் சொல்லாதீங்க சார். இந்த எட்ட அந்த மூணு வாலு பூச்சியே சுத்தமா மேஞ்சிருச்சுங்க. அந்த எட்டுல கிரீசு இருந்ததால பூச்சி ஏற முடியலைங்க, பாசி ஏறிக்கிச்சு. பூச்சி செய்யாத வேலைய நான் செஞ்சேன், அவ்ளோதாங்க."

சார் அக்காவைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மூணு வருஷத்துல நீ இத எங்கிட்ட இவ்ளோ தெளிவா சொன்னதே இல்லம்மா."

(மானம் கப்பலேறியது.)

மறுபடி முதலிலிருந்து முப்பத்தைந்து நாள். அங்கேயே எட்டுச் செங்கலுக்குப் புதுசாகக் கிரீஸ் தடவினேன். (தீசிஸ் முடிந்ததும் மாப்பிள்ளை பார்க்கலாம் என்றிருந்த அம்மாவுக்கும் முப்பத்தைந்து நாள் வாய்தா. இந்த ஒன்றுக்கு அக்காவுக்கு நன்றி!)

கிளம்பும்போது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன்.

"அக்கா, எனக்குப் பாசி வேணும். தயவுசெஞ்சு தேச்சுடாதீங்க!"

"பாசி புடிக்க வுடறதுக்கா ஒன்னையக் காலேஜுக்கு அனுப்புனாங்க?" என்று சிரித்தாலும், மாதா மேல் சத்தியம் செய்தார்.

உண்மையைச் சொன்னால், அக்கா மேல் கோபமே வரவில்லை. நான் திட்டு வாங்கக் கூடாதென்று விடியற்காலையில் முழங்காலளவுத் தண்ணீரில் நின்று தேய்த்த மனுஷியிடம் எப்படிக் கோபப்படுவது?

இதோ, இப்போதுதான் அக்கா போன் செய்தார்.

"பாப்பா, சத்தியமாப் பாசியத் தொடல. ஆனா நீ எட்டுக்குத்தான் கிரீசு தடவியிருக்க, மிச்சத்த மறந்துட்ட போலிருக்கு. பூச்சி ஏறி ஒம் பாசிய மேஞ்சிரும்ல? எங்க வூட்டுக்காரரு டிராக்டர் கிரீச எடுத்தாந்து, பதினாறுக்கும் தடவி வுட்டுட்டேன்!"