இன்டர்வியூவுக்குப் போன திராட்சைப் பெட்டி

அன்புச் சகோதர சகோதரிகளே, அஸ்ஸலாமு அலைக்கும். என் மகள் வேலை தேடித் தேடி, கடைசியில் வீட்டுக்குள் பேசுவதையே நிறுத்திவிட்ட நாட்களைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். அல்லாஹ் எங்களை அதிலிருந்து கரை சேர்த்துவிட்டான்.

எங்களுக்கு ஊர் கம்பம். தோட்டங்களில் திராட்சை வாங்கி மதுரைக்கும் கேரளாவுக்கும் அனுப்பும் சின்ன வியாபாரம். மூத்தவள் நசீமா 2007இல் பி.காம். முடித்தாள். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் பிள்ளை.

தேனியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் இன்டர்வியூவுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று ஆங்கிலத்தில் சில வரிகள். கடினமாக உழைப்பேன், சீக்கிரம் கற்றுக்கொள்வேன், புத்தகம் படிப்பது பொழுதுபோக்கு. அங்கே படித்த பிள்ளைகள் எல்லோருக்கும் அதே வரிகள்தான். நசீமா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே ஒப்பிப்பாள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

தேனிக்குப் போனாள், திண்டுக்கல்லுக்குப் போனாள். எல்லா இடத்திலும் "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். எங்கிருந்தும் ஒன்றும் வரவில்லை. வீடே அதிரச் சிரிக்கிற பிள்ளை அவள். அத்தாவாகிய என்னையும் அம்மாவையும் வம்புக்கு இழுக்காமல் ஒரு வாய் சாப்பிட மாட்டாள். அந்தச் சத்தம் அடங்கிப்போனது. ஒருநாள் சர்டிபிகேட் பையை எடுத்துப் பரணில் போட்டுவிட்டாள்.

"ஏம்மா?" என்றேன்.

"அங்கன நான் ஒக்காந்திருந்ததே அவுகளுக்குத் தெரியலத்தா. நான் பேசிக்கிட்டிருக்கயிலேயே அடுத்த பிள்ளையோட பைலப் பெரட்டுறாக."

கடைக்குப் போய் சாக்கு மூட்டையின் மேல் உட்கார்ந்து அழுதேன்.

2008 தொடக்கத்தில் மதுரையிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. காய்கறி, பழம், மளிகை எல்லாம் விற்கும் புதுக் கம்பெனி. கணக்குப் பிரிவில் ஆள் எடுக்கிறார்கள். "இதான் கடைசி. இதுவும் இல்லைன்னா என்னைய விட்ருங்கத்தா" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

இன்டர்வியூ அன்று விடியலில் பள்ளிவாசலில் சுபுஹு தொழுதுவிட்டுக் கையேந்தினேன். வழக்கமாக ஓதும் துஆ எதுவும் நாவில் வரவில்லை. "யா அல்லாஹ், வேலை உன் விருப்பம். என் பிள்ளையை ஒருத்தராவது நிமிர்ந்து பார்க்கும்படி செய்" என்று மட்டும் கேட்டேன்.

வீட்டுக்கு வந்தால் என் மனைவி மும்தாஜ் ஒரு பெட்டி பன்னீர் திராட்சையைக் கயிறு போட்டுக் கட்டி வாசலில் வைத்திருக்கிறாள்.

"இது எதுக்கு?"

"பெரிய மனுசக எடத்துக்கு மொதமொதப் போறிக. கைய வீசிக்கிட்டா போவாக?"

"இது இன்டர்வியூ. பொண்ணு பாக்கப் போகல."

"நீங்க சும்மா இருங்க. பழம் குடுத்தா எவுக வேணாம்பாக?"

எங்கள் பக்கத்தில் யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போகிற வழக்கம் இல்லை. ஆபீசும் அவளுக்கு ஒரு வீடுதான். பெட்டி எங்களோடு பஸ் ஏறியது.

மதுரையில் அந்த ஆபீஸ் வாசலில் காவலாளி பெட்டியை உள்ளே விடவில்லை. நான் கெஞ்சியதால் உள்ளே ஓரமாக வைக்கச் சொன்னார். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். ஒரு பையன் கேட்டான்: "என்னக்கா, வேலைக்கு வந்தீங்களா, யாவாரத்துக்கா?" குபீரென்று சிரிப்பு. நசீமா தலையைக் குனிந்துகொண்டாள்.

சத்தம் கேட்டு மேனேஜர் வெளியே வந்தார். பெட்டியைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"யார் கொண்டுவந்தது? இப்பவே லஞ்சமா? எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

யா அல்லாஹ், இப்படியா பார்க்க வைக்கச் சொன்னேன்! என் பிள்ளையின் கடைசி நம்பிக்கையும் போயிற்று என்று பெட்டியைத் தூக்கக் குனிந்தேன்.

நசீமாதான் எழுந்தாள்.

"சார், எங்கம்மா உங்களுக்குன்னுதான் குடுத்துவிட்டாக. லஞ்சம் எல்லாம் அவுகளுக்குத் தெரியாது. எங்க ஊர்ல யார் வீட்டுக்கும் வெறுங்கையோட போக மாட்டாக, அம்புட்டுதான். தப்புன்னா நீங்க தொட வேணாம். இங்கன இருக்கவுகளுக்குப் பிரிச்சுக் குடுத்துர்றேன். திருப்பித் தூக்கிக்கிட்டுப் போனா எங்கம்மா அழுவாக."

சொல்லிவிட்டுக் கயிற்றை அவிழ்த்து, கேலி செய்த பையனிடமே முதல் கொத்தை நீட்டினாள். "இந்தாங்க, யாவாரம் இல்ல, சும்மாதான்." இந்த முறை அவளும் சேர்ந்து சிரித்தாள். அது என் வீட்டுச் சிரிப்பு. கேட்டு எத்தனை நாளாயிற்று!

மேனேஜர் போகவில்லை. பெட்டியைக் குனிந்து பார்த்தார். "கம்பத்துலேருந்து பஸ்லயா வந்துச்சு? எங்களுக்கு லாரியில வர்றதே பாதி உதிர்ந்துதான் வருது."

"வெயில் ஏறுறதுக்குள்ள பறிச்சுரணும் சார். பழத்தைத் தொடாம காம்பைப் பிடிச்சுத்தான் எடுக்கணும்" என்று ஆரம்பித்தவள், எந்தப் பழம் கேரளாவுக்குப் போகும், எது மதுரைக்குப் போகும், மழை பெய்தால் விலை எப்படி விழும் என்று நின்றபடியே பேசிக்கொண்டிருந்தாள். மனப்பாட வரி ஒன்றுகூட இல்லை. எங்கள் கடைப் பேச்சு, எங்கள் ஊர்த் தமிழ். அவர் நிமிர்ந்து, அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு எல்லோரையும் போல அவளையும் உள்ளே கூப்பிட்டார்கள். கணக்கிலும் கேள்வி கேட்டிருக்கிறார்கள். மேனேஜர் ஒரு பழம்கூட வாயில் வைக்கவில்லை. நேர்மையான மனிதர். சாயந்திரம் என்னைக் கூப்பிட்டு, "உங்க பொண்ணைப் பழம் கொள்முதல் கணக்குக்கு எடுத்துக்கிறோம். காலையிலேருந்து எல்லாரும் ஒண்ணுபோலவே பேசினாங்க. இவ மட்டும்தான் இவளா பேசினா" என்றார்.

பக்கத்துப் பள்ளிவாசலில் அல்லாஹ்வுக்கு நன்றியாக ஷுக்ருடைய ஸஜ்தாவில் நெற்றி பதித்தவன் எழுந்திருக்க நேரமாயிற்று.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. நசீமா லீவில் ஊருக்கு வந்தால், இன்டர்வியூவுக்குப் போகும் எங்கள் தெருப் பிள்ளைகள் அவளைத் தேடி வருகிறார்கள். "உங்க வீட்ல என்ன வேலை? நீ என்ன ஒத்தாசை செய்வ? அதைச் சொல்லு" என்றுதான் ஆரம்பிக்கிறாள். நானும் மாறிவிட்டேன். முன்பெல்லாம் தொழுகை முடிந்ததும் கடையைத் திறக்க ஓடுவேன். இப்போது அந்தப் பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி அல்லாஹ்விடம் வேலை கேட்ட பிறகுதான் எழுந்திருக்கிறேன்.

வேலை கிடைக்காத பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு தவிக்கும் பெற்றோர்களே, அவர்களைத் திட்டாதீர்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையைக் காட்டிப் பேசாதீர்கள். அல்லாஹ்விடம் கேளுங்கள். அவன் எந்த வழியாகக் கொடுப்பான் என்பது நமக்குத் தெரியாது. வெட்கப்பட வைத்துக்கூடக் கொடுப்பான். கொடுக்கும்வரை பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.