அணிலைத் துடைத்த துணி

அந்தக் கண்ணாடி அலமாரி இந்துவுக்குப் பழகிய சொந்தக்காரர் வீடு மாதிரி. நூறு வருஷத்துக்கும் முன்னால் மலையேறிய வெள்ளைக்காரக் கூட்டமொன்று சுட்டுப் பாடம்பண்ணிய அணில்களும் பறவைகளும் அதில் இருந்தன. நல்லவையெல்லாம் கப்பலேறிவிட்டன, மிச்சம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்துக் காட்சியறையில் தங்கிவிட்டது. துப்புரவு வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, இந்து அவற்றை வாயால் ஊதி ஊதி, வெறுங்கையில் துணியைப் பிடித்துத் துடைக்கிறாள். துணிக்கு என்ன பஞ்சம்? கணவன் ஜெபின் இராஜபாளையம் பேண்டேஜ் கம்பெனியில் நைட் ஷிப்ட். கழிவுத் துணி கொண்டுவருவான்.

அன்று அணில்களைப் படமெடுக்க வந்த ஆராய்ச்சி மாணவி ஜாஸ்மின், கையுறையும் முகமூடியும் மாட்டிக்கொண்டாள். இந்துவுக்குச் சிரிப்பு வந்தது. செத்த அணில் கடிக்கவா போகிறது?

"அக்கா, தொடாதீங்க! பூச்சி அரிக்காம இருக்க அந்தக் காலத்துல தோல்ல ஆர்சனிக் தடவுவாங்க. விஷம். தூசியிலயும் இருக்கும்."

சிரிப்பு நின்றது. எதையும் வீச மனம் வராத பிறவி அவள். துடைத்த துணி துவைக்கத் துவைக்கப் பூப்போல ஆகிவிடுகிறதே என்று, ஆறு மாதக் கைப்பிள்ளைக்கு இடுப்பில் கட்ட ஒரு மூட்டை சேர்த்து, போன வாரம்தான் ஜெபினிடம் கொடுத்திருந்தாள். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவன் அவன்தான்.

வீட்டுக்குப் போகும் மம்சாபுரம் பஸ் அன்றைக்கென்று ஊர்ந்தது. நேற்றுப் பிள்ளை பாலைக் கக்கியது நினைவுக்கு வந்தது. எல்லாப் பிள்ளையும் கக்கும்தான்; பயந்தவளுக்கு அது எங்கே உறைக்கும்? வீட்டுக் கொடியில் வெள்ளைத் துணிகள் காய்வதைப் பார்த்ததும் வாசலில் நின்றே கத்தினாள்.

"ஏங்க, நான் குடுத்த துணியவா கட்டுனீங்க?"

ஜெபின் திருதிருவென்று விழித்தான். "ஏசாதட்டி. செத்த அணிலத் தொடச்சத எம்மவனுக்குக் கட்ட மனசு வரல. அன்னைக்கே குப்பை வண்டியில போட்டுட்டேன். இது புதுத்துணி."

வேறு நாளாயிருந்தால் வீடு ரெண்டாகியிருக்கும். இன்று இந்து வாசலிலேயே உட்கார்ந்து, "கர்த்தாவே" என்று அழுதாள்.

"எதுக்கு அழுத? மொதல்ல இவனுக்குப் பால் குடு. பசியில கத்துதான்."

ஜெபின் பிள்ளையை நீட்டினான். அப்போதுதான் அவளுக்குத் தன் நினைப்பே வந்தது. ஊதிய வாய், துடைத்த கை, இத்தனை வருஷம் உள்ளே போன தூசி. எழுந்து பின்னால் நகர்ந்தாள்.

"டாக்டர்ட்ட கேட்டுட்டுத் தாரேன்" என்றாள். பால் கட்டிச் சட்டை நனைந்துகொண்டிருந்தது. பிள்ளை அவளைப் பார்த்துக் கையை நீட்டி அழுதான்.