மாடம்மாளின் கரப்பான் பத்தியம்

ஆரியசாலைச் சந்துகளில் பிள்ளை வளர்ப்புக்குப் பேர்போனவள் யார் என்று கேட்டால் ஒரு காலத்தில் மாடம்மாளைத்தான் கைகாட்டுவார்கள். நாகர்கோவில் பக்கம் பிறந்து, கோலப்பனுக்கு வாக்கப்பட்டுத் திருவனந்தபுரம் வந்தவள். கோலப்பன் மணலில் கடலை வறுத்து, தம்பானூர் ரயில் நிலையத்துக்கு எதிரே தள்ளுவண்டியில் விற்றான். கப்பலண்டி என்றால்தான் இந்த ஊரில் விளங்கும். குடியிருந்தது ஒற்றை அறை. அதில் பாதியைக் கடலை மூட்டை அடைத்துக்கொள்ளும். வறுத்த கடலையைத் தேய்த்துத் தோல் போகப் புடைத்துக் கொடுப்பது மாடம்மாளின் வேலை.

மூத்தவள் மீனுவுக்குக் கைக்குழந்தையாக இருக்கும்போதே கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான் வந்தது. தோல் சிவந்து வெடித்து நீர் கசிந்தது. கரப்பானைப் பற்றி நம் பெண்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கடலை, முட்டை, கருவாடு எல்லாம் கரப்பான் பண்டம். பால் கொடுக்கிறவளும் தொடக்கூடாது, பிள்ளை வாயிலும் படக்கூடாது. அடுத்த வீட்டுக்காரி சொன்னாள், மருந்துக்கடைக்காரர் சொன்னார், களிம்பு எழுதிக் கொடுத்த டாக்டரும் மூன்று வயது தாண்டட்டும் என்றார். இத்தனை பேர் சொன்ன பிறகு பெற்றவள் வேறு என்ன செய்வாள்?

பத்தியம் என்றால் அப்படி ஒரு பத்தியம். கடலைக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, உப்புப் பார்க்கக்கூட ஒரு பருப்பை அவள் வாயில் போடவில்லை. மீனு தவழ்ந்து வந்து தரையில் கிடந்ததைப் பொறுக்கி வாயில் வைத்தால் விரலை விட்டுத் தோண்டி எடுத்துவிடுவாள். பிள்ளை வீறிட்டு அழும்; இவள் மசிய மாட்டாள். ஆனால் புடைக்கும்போது பறக்கிற தூசி தொட்டில் துணியில் படிந்தது. கோலப்பன் வண்டியை விட்டுவிட்டு வந்ததும் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு மகளைத் தூக்குவான், வெடித்த கன்னத்தோடு கன்னம் வைத்துக் கொஞ்சுவான். அதை எவரும் தப்பென்று நினைக்கவில்லை. பத்தியம் வாய்க்குத்தானே.

மீனுவுக்கு நாலு வயதாகும்போது கரப்பான் நன்றாக ஆறிவிட்டது. பத்தியத்தைச் சும்மா விட்டுவிடக் கூடாது, சாமிக்குப் படைத்து முறிக்க வேண்டும். கோலப்பன் பாகு காய்ச்சிக் கடலை மிட்டாய் போட்டான். மாடம்மாள் மகளுக்குப் புதுப் பாவாடை கட்டி அம்மன் கோயிலுக்கு அழைத்துப் போய், படைத்த மிட்டாயில் முதல் துண்டைத் தன் கையாலேயே ஊட்டினாள். எத்தனை நாள் ஆசையை அடக்கி வைத்திருந்தாளோ, அத்தனையும் சேர்த்துச் சந்தோஷமாக ஊட்டினாள்.

"அம்மா, நாக்கு அரிக்கி," என்றாள் மீனு.

பிறகு உதடு தடித்தது, கண் வீங்கி மூடிக்கொண்டது, மூச்சு விசில் மாதிரி கேட்டது. கடைத்தெரு நெரிசலில் ஆட்டோ முட்டி மோதி ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடலை அலர்ஜி என்றார்கள். "கப்பலண்டிக்காரன் புள்ளைக்கா?" என்று கோலப்பன் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான்.

வண்டியை அவன் பிறகு தொடவில்லை. விழிஞ்ஞத்தில் துறைமுகக் கட்டுமான வேலைக்குப் போகத் தொடங்கினான். மாடம்மாள் அறையை, சுவர் உட்பட, தேய்த்துக் கழுவினாள். துக்கம் கேட்க வந்தவர்களிடம் அவள் ஒன்றையே சொன்னாள்: "நான் ஒரு கொறையும் வைக்கல்ல கேட்டியளா. நாலு வருசம் பத்தியம் காத்தேன்." அவளுக்கு இருந்த ஆறுதல் அது ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடினாள், சமைத்தாள், பிரஜினைப் பெற்றாள்.

பிரஜினுக்கும் அதே கன்னம், அதே கரப்பான். பழைய பத்தியத்தை இரண்டு மடங்காக்கிக்கொண்டு, களிம்புக்காக மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே டாக்டர் மாளவிகா இருந்தார். கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் பிறந்து வளர்ந்தவர். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். மூத்தவள் கதையைக் கடைசிவரை கேட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"முதல்ல தோல்ல ஒரு டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம். அது சரியா இருந்தா, இவனுக்குக் கப்பலண்டியை இப்பவே கொடுத்துப் பழக்கணும். முழுசா இல்லை, அரைச்சுக் கரைச்சு, இங்கே எங்க முன்னால வச்சு."

மாடம்மாள் பிள்ளையை அள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். "இன்னொண்ணையும் கொல்லச் சொல்லுதியளா?"

"பேடிக்காதேங்கோ, பயப்பட ஒண்ணுமில்லை. ஒரு நிமிஷம் இருந்து கேளுங்கோ. கரப்பான் வந்த தோல் திறந்து கிடக்கிற வாசல் மாதிரி. அது வழியா கடலைத் தூசி உள்ளே போனா உடம்பு அதை எதிரியா எடுத்துக்கும். அதே கடலை சின்ன வயசிலேயே வயித்துக்குள்ள போனா, பழகிக்கிறதுக்குத்தான் சான்ஸ் ஜாஸ்தி. இந்த மாதிரி குழந்தைகளுக்குத்தான் சீக்கிரம் கொடுக்கணும்னு இப்போ தெரிஞ்சிருக்கு."

மாடம்மாள் மறுபடி உட்கார்ந்தாள். தூசி படிந்த தொட்டில் துணியும் லுங்கியில் துடைத்த கையும் அவள் கண்முன் வந்து நின்றன.

"அப்போ நான் காத்த பத்தியம்?"

டாக்டர் அவள் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டார். "நீங்க மட்டுமில்லை. டாக்டர்மாரும் அப்படித்தான் சொல்லிண்டிருந்தோம். கொடுத்திருந்தா மீனுவுக்கு ஒண்ணும் ஆயிருக்காதுன்னு என்னாலே சொல்ல முடியாது. அது யாராலேயும் சொல்ல முடியாதும்மா."

நல்ல மனசோடு சொன்ன வார்த்தைதான். ஆனால் பெற்றவள் காதில் அதில் பாதிதான் விழும், அதுவும் எந்தப் பாதி என்று நமக்குத் தெரியாதா?

வீட்டுக்கு வந்து டாக்டர் சொன்னதைக் கோலப்பனிடம் சொன்னாள்; இரண்டு பேரும் பல நாள் யோசித்தார்கள். கடைசியில் கோலப்பன்தான், "பாத்திருவோம் மாடம்மா. இவன் வளந்து எங்கயாம் தெருவுல ஒண்ணைப் பொறுக்கித் தின்னா, அப்போ என்ன செய்ய?" என்றான். டெஸ்ட் எடுத்தார்கள், தோல் தடிக்கவில்லை. குறித்துக் கொடுத்த காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கோலப்பன் உள்ளே வரமாட்டேன் என்று வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டான்.

ஏதாவது ஆனால் உடனே போடுவதற்கு நர்ஸ் ரோஸ் ஊசி மருந்தைத் தயாராக எடுத்து வைத்தாள். கேழ்வரகுக் கூழில் கடலைப் பொடியைக் கலந்து ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தாள். "சேச்சி, ஞான் கொடுக்கட்டே?" என்று கேட்டாள். மாடம்மாள் தலையாட்டினாள். ஆனால் பிரஜின் ரோஸ் நீட்டிய கரண்டியைப் பார்த்து முகத்தைத் திருப்பி அம்மாவின் மார்பில் புதைத்துக்கொண்டான். அவள் கையைத் தவிர வேறு கையில் அவன் எதையும் வாங்குகிறவன் இல்லை.

மாடம்மாளுக்கு இருந்த பயம் ஒன்றல்ல. பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்பது ஒன்று. அதற்காக வேண்டாத சாமி இல்லை. ஒன்றும் ஆகாமல் போனால், அவள் பிடித்துக்கொண்டிருந்த அந்த ஒற்றை ஆறுதலும் போய்விடும் என்பது இன்னொன்று. அதை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் பெற்றவளா இவள் என்று கேட்பார்கள். அவள் மீனுவுக்கு ஊட்டிய கையைப் பார்த்தாள். பிறகு விரலில் கூழைத் தொட்டுப் பிரஜின் நாக்கில் வைத்தாள்.

அவன் சப்பிப் பார்த்தான், புருவத்தைச் சுருக்கினான், விழுங்கினான். எல்லாரும் காத்திருந்தார்கள். உதடு உதடாகவே இருந்தது. டாக்டர் இன்னும் கொஞ்சம் கொடுக்கச் சொன்னார், கொடுத்தாள். பிறகு இன்னும் கொஞ்சம். மதியம்வரை வைத்துப் பார்த்துவிட்டு, "இனி வீட்டிலேயே, நிறுத்தாம, வாராவாரம் கொடுத்துண்டே இருக்கணும். ஏதாவது மாறினா உடனே வந்துடுங்கோ," என்று அனுப்பினார். ரோஸ் பிள்ளையின் தலையில் முத்தமிட்டாள். மாடம்மாள் அவர்களுக்குக் கைகூப்பிவிட்டு வராந்தாவுக்கு வந்தாள்.

கோலப்பன் பதறி எழுந்தான். "என்னட்டி, என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல்ல."

அவன் முகம் மலர்ந்தது. மகனை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான். மாடம்மாள் கொடுக்கவில்லை. அப்படியே பெஞ்சில் சாய்ந்து, பக்கத்தில் ஆட்கள் இருப்பதையும் பாராமல், வாய்விட்டு அழுதாள்.

"ஒண்ணுமே ஆகல்லங்க. இம்புட்டுத்தான். விரலத் தொட்டு நாக்குல வச்சேன், இம்புட்டுத்தான். இத அவளுக்கு நான் செய்யல்லியே."

கோலப்பன் பக்கத்தில் உட்கார்ந்தான். பிரஜின் அவள் விரலைப் பிடித்து இழுத்து, நகக்கண்ணில் ஒட்டியிருந்த மிச்சத்தைச் சப்பிக்கொண்டிருந்தான்.