கடைமடையில் நின்ற பிள்ளைவாள்

ஆயிரத்துத் தொள்ளாயிரம் பிறந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். மலையில் சாரல் பிந்திப்போன ஒரு கார் சாகுபடிக் காலம். பத்தமடைக்குக் கிழக்கே, கால்வாய்க் கரையில் இருந்த ஒரு கிராமத்தில் நான் மிஷன் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தேன். கூட வேலை பார்த்தவர் காய்ச்சல் கண்டு ஊருக்குப் போனார், போனவர் போனவர்தான். நாலு வகுப்பும் என் தலையில் விழுந்தது.

சுவரில் கால அட்டவணை தொங்கியது. பூகோளம் ஒரு மணி, சரித்திரம் ஒரு மணி, கணக்கு ஒரு மணி, அதுவும் வகுப்புக்கு வகுப்பு தனித்தனியாக. அதை எழுதிய புண்ணியவானுக்கு நாலு வாய் இருந்திருக்க வேண்டும். எனக்கு இருந்தது ஒன்று. அதிலும் கத்திக் கத்திக் குரல் கட்டிப்போய்விட்டது. சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் குடித்துப் பார்த்தேன், தொண்டை திறக்கவில்லை. இதற்கிடையில் இன்ஸ்பெக்டர் பரீட்சைக்கு வரப்போகிறார் என்ற செய்தி வேறு. அவர் வரும் அன்று பிள்ளைகள் நிறைந்திருக்க வேண்டும், கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள்.

அந்தக் களைப்பில்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. பெரிய கல்வி ஞானம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எப்படியாவது கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்பதுதான் நோக்கம். நாலு வகுப்பையும் முற்றத்துக்கு அழைத்து வந்து, குதிகாலால் மண்ணில் ஒரு நீளக் கோடு கிழித்தேன். இதுதான் நம் கால்வாய். அவரவர் வீட்டு வயலுக்கு எந்த மடையில் தண்ணீர் பாய்கிறதோ, அந்த இடத்தில் போய் நில்லுங்கள் என்றேன். மேல்மடைப் பிள்ளைகள் தலைப்பில், நடுமடைப் பிள்ளைகள் நடுவில், கடைமடைப் பிள்ளைகள் வேலி ஓரத்தில். ஒரு குடம் தண்ணீரைத் தலைப்பில் ஊற்றினேன். இந்தத் தண்ணீர் எந்த மலையில் பிறக்கிறது, எந்தக் கடலில் போய் விழுகிறது என்று கேட்டேன். பூகோளம் ஆயிற்று. கால்வாயை வெட்டியது யார் என்று வீட்டில் கேட்டு வரச் சொன்னேன். ராஜா என்றான் ஒருவன், எங்கள் பாட்டன் என்றான் இன்னொருவன், அதைத் தொட்டு ஒரு சண்டை. சரித்திரமும் ஆயிற்று. நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன். அவர்களே படித்தார்கள். அப்படி ஒரு சுகத்தை அதற்கு முன் நான் அனுபவித்ததில்லை.

கணக்கில்தான் வினை வந்தது. தண்ணீர் குறைந்தால் அந்த ஊரில் முறை வைப்பார்கள். இத்தனை நாழிகை மேல்மடை திறந்திருக்கும், பிறகு அதை அடைத்துவிட்டு நடுமடை, மிச்சம் கடைமடைக்கு. அந்த நாழிகையையும் ஒவ்வொரு மடையிலும் பாயும் நிலத்தையும் வீட்டில் கேட்டு வந்து வகுத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். காலங்காலமாக முறை வைத்த ஊரில் அதை யாரும் வகுத்துப் பார்த்ததில்லை. பிள்ளைகள் பார்த்தார்கள். ஒரே அளவு நிலத்துக்குக் கடைமடைக்குக் கிடைப்பதைப்போல இரண்டு பங்கு தண்ணீர் மேல்மடைக்குப் போனது. கடைமடைப் பிள்ளை ஒருத்தி, படு சூட்டிகை, அதை அப்படியே அப்பாவிடம் ஒப்பித்துவிட்டாள். பொழுது சாய்வதற்குள் கால்வாய்க் கரையில் மண்வெட்டியோடு கூட்டம் கூடிவிட்டது.

மறுநாள் விடிந்ததும் மேல்மடைப் பிள்ளைவாள் வந்து நின்றார். மேல்மடை நிலத்தில் பெரும்பகுதி அவருடையது. பள்ளிக்கூடம் நடந்ததும் அவருடைய பழைய வைக்கோல் கொட்டகையில்தான்.

"என்னவே வாத்தியாரே, பூகோளம் சொல்லிக்குடும்னா, வாய்க்காத் தண்ணிக்குப் பங்கு பிரிச்சுக்கிட்டு இருக்கீரு? எங்க பிள்ளையள இனிமே இங்கன அனுப்ப முடியாது. கொட்டகையையும் ஒழிச்சுக் குடுத்திரும்."

அவர் போன சூடு ஆறுமுன் கடைமடைக்காரர்கள் வந்தார்கள். சிரித்த முகம், கையில் வெள்ளரிப்பிஞ்சு. நான் பிள்ளைகளுக்குச் சொன்ன கணக்கைத் தாலுகா கச்சேரியில் வந்து சாட்சியாகச் சொல்ல வேண்டுமாம். பள்ளிக்கூடத்துக் கணக்கு பள்ளிக்கூடத்தோடு போகட்டும், என்னை விட்டுவிடுங்கள் என்றேன். முகங்கள் கறுத்தன.

"அப்பம் நீங்களும் அவாள் ஆளுதானா? எங்க பிள்ளையளும் இனி வராது, அய்யா."

வெள்ளரிப்பிஞ்சைக்கூடத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். உண்மையைச் சொல்கிறேன், அன்று எனக்குக் கோபம் வரவில்லை. மூடினால் மூடட்டும், பாளையங்கோட்டைக்குப் போய் வீட்டில் கால் நீட்டித் தூங்கலாம் என்றுதான் தோன்றியது. அப்படித் தோன்றியதே எனக்குப் பெரிய துக்கமாகவும் இருந்தது.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று நடுமடைப் பிள்ளைகள் மட்டும் ஒரு பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். வள்ளியூர்ப் பக்கத்துப் பள்ளிகளையெல்லாம் பார்த்துவிட்டு மாட்டு வண்டியில் குலுங்கிக் குலுங்கி வந்திருந்தார் மனுஷர். முகமெல்லாம் புழுதி. காலி இடங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பொய் சொல்லவும் தெம்பில்லாமல் நடந்ததை நடந்தபடி சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ நாற்காலியை விட்டு எழுந்து, "அந்தப் பாடத்தை நான் பார்க்கணுமே" என்றார்.

முற்றத்துக்குப் போனோம். கோட்டைப் புதிதாகக் கிழித்தேன். பிள்ளைகள் நடுவில் நின்றார்கள். தலைப்பிலும் கடைசியிலும் ஆள் இல்லை. மேல்மடைக்கு இன்ஸ்பெக்டர் தாமே போய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார். அந்த நேரம் பார்த்துப் பிள்ளைவாள் வந்தார். என்மேல் கோபம் என்றாலும், ஊருக்கு வந்த அதிகாரிக்கு இளநீர் கொடுக்காமல் இருக்க முடியாதே. அவர் யார் என்று இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது.

"வாங்க அண்ணாச்சி, ஆள் குறையுது. அங்கன கடைசியில போய் நில்லுங்க" என்று வேலிப் பக்கம் கையைக் காட்டினார்.

அதிகாரி சொல்லைத் தட்ட முடியாமல் பிள்ளைவாள் இளநீரைக் கீழே வைத்துவிட்டுப் போய் நின்றார். நான் குடத்தைச் சாய்த்தேன். இன்ஸ்பெக்டர் சிறுபிள்ளைபோல் தம் மடையைத் திறந்து வைத்துக்கொண்டு, தம் வயல் இன்னும் நனையவில்லை, இன்னும் நனையவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். குடம் காலியாகிக்கொண்டு வந்தது. நடுவில் பிள்ளைகள் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் பிடித்தார்கள். பிள்ளைவாள் குனிந்து தம் காலடி மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். காய்ந்துதான் கிடந்தது. விளையாட்டுத் தண்ணீர்தான், இருந்தாலும் மனுஷருக்குப் பொறுக்கவில்லை.

"போதும்வே, மடைய அடையும்! இங்கன ஒரு சொட்டு வரல!"

அதிகாரியை 'வே' போட்டுப் பேசிவிட்டோமே என்று பதறினாரோ, தம் வாயிலிருந்து வந்தது யார் பேச்சு என்று உறைத்ததோ, தெரியாது. அப்படியே நின்றுவிட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பிள்ளைவாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

புறப்படும்போது இன்ஸ்பெக்டர், தம் வண்டி மாடுகள் ரொம்பச் சோர்ந்துவிட்டதாகவும், அதனால் இன்று பரீட்சை நடத்த முடியவில்லை என்றும், அடுத்த வாரம் வருவதாகவும் சொன்னார். மாடுகள் இரண்டும் மரத்தடியில் நன்றாகத்தான் அசைபோட்டுக்கொண்டிருந்தன. அந்த மனுஷரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கண் கலங்கும்.

மறுநாள் காலை பிள்ளைவாள் தம் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். கொட்டகையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்:

"இவன மேல்மடைல நிப்பாட்டாதயும். கடைசில நிப்பாட்டும்வே."

முதலாளி மகன் போகிறான் என்று மேல்மடைப் பிள்ளைகள் எல்லோரும் வந்தார்கள். அவன் கடைமடையில் நிற்கிறான் என்று கேள்விப்பட்டு, அதை வேடிக்கை பார்க்கவாவது கடைமடைப் பிள்ளைகள் வந்தார்கள். பரீட்சை நடந்தது, பள்ளிக்கூடம் பிழைத்தது. முறை மாறியதா என்று கேட்பீர்கள். அந்தக் கார் சாகுபடியில் மாறவில்லை. அடுத்து வந்த பிசான சாகுபடியில் கடைமடைக்குக் கொஞ்ச நாழிகை கூடுதலாக விட்டார்கள், போதுமான அளவு இல்லை.

எனக்கு மட்டும் களைப்பு அப்படியேதான் இருக்கிறது. இப்போது வேறு ஊர், அதே நாலு வகுப்பு, அதே தொண்டை. ஆனாலும் எந்தப் பாடத்தை எடுத்தாலும், இதில் யாரைக் கடைமடையில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று யோசித்துவிட்டுத்தான் இன்றைக்கும் வாயைத் திறக்கிறேன்.