டியாகோ கார்சியாக்காரர்களின் பனியன்

மொரீஷியஸ் பனியன் கம்பெனியில் ஐந்து வருஷம் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டிவிட்டு சொந்த ஊர் நல்லூருக்குத் திரும்பிய ஜெயபாரதிக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை. அண்ணன் வேல்குமாரின் தையல் யூனிட்டில் செக்கிங்குக்கு நிற்பாள். கொஞ்ச நேரத்தில் கட்டிங் பக்கம் போவாள். அங்கிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு காரணமே இல்லாமல் காங்கேயம் ரோட்டில் சுற்றி வருவாள். மாப்பிள்ளை பேச்சை அம்மா எடுத்தால், இப்போது எந்த நாட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பேச்சை மாற்றுவாள்.

அப்போதுதான் ஜோசியானிடமிருந்து போன் வந்தது. மொரீஷியஸில் பக்கத்து மெஷின்காரி. ஜெயபாரதிக்கு அந்த ஊர்ப் பாஷையான கிரியோல் பேசக் கற்றுக்கொடுத்தவள். ஜோசியானின் அப்பா பிறந்தது டியாகோ கார்சியா தீவில். மொரீஷியஸுக்குச் சுதந்திரம் கொடுப்பதற்கு முன்பே வெள்ளைக்காரன் அது இருக்கும் தீவுக்கூட்டத்தைத் தனியே பிரித்து வைத்துக்கொண்டான். பிறகு அமெரிக்க ராணுவத்துக்கு இடம் வேண்டுமென்று, ஜனங்களைக் கப்பலில் ஏற்றி வெளியே அனுப்பிவிட்டான். இப்போது தீவுகளை மொரீஷியஸிடமே ஒப்படைப்பதாக ஒப்பந்தம். தலைநகர் போர்ட் லூயிஸில் தீவுக்காரர்கள் கூட்டம் போடுகிறார்கள், அதற்குப் பனியன் வேண்டும் என்றாள் ஜோசியான்.

ஜெயபாரதிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தீவுப் படத்தைச் சுற்றி மொரீஷியஸ் கொடியின் நாலு நிறங்களையும் போட்டு, கீழே ‘ஜெயித்துவிட்டோம்’ என்று கிரியோலில் எழுதி, மொத்தப் பனியனிலும் அடித்த பிறகுதான் போட்டோ அனுப்பினாள்.

பதில் சாயங்காலம் வந்தது.

“யார் ஜெயிச்சது ஜெயா? லண்டன்காரங்களும் போர்ட் லூயிஸ்காரங்களும் பேசி முடிச்சாங்க. எங்களை ஒரு வார்த்தை கேக்கலை. அப்பாவோட தீவுல ராணுவம் அப்படியேதான் இருக்கும், நாங்க குடியேற முடியாது. இதைப் போட்டுக்கிட்டு அவர் எப்படிக் கூட்டத்துல நிப்பார்?”

வேல்குமார் திட்டவில்லை. “சாம்பிள் காட்டி அப்ரூவல் வாங்குனியா கண்ணு?” என்று மட்டும் கேட்டான்.

“இல்லீங்ண்ணா. நம்ம ஜோசியான்தானே, அவகிட்டப் போய் என்ன கேக்கறதுன்னு...”

“அந்த லண்டன்காரனும் இப்படித்தான் நெனச்சிருப்பான்.”

அவளுக்குச் சுருக்கென்றது. ஆர்டர் கொடுத்த பையரிடம் காட்டாமல் ஊரில் ஒருவரும் துணியில் கத்தரி வைக்க மாட்டார்கள். ஜோசியானை அவள் பையராக நினைக்கவே இல்லை.

அடித்தது கழிவுப் பனியன் விற்கும் காதர்பேட்டைச் சந்தைக்குப் போகட்டும், புதிதாகத் தைத்துத் தருகிறேன், என்ன அடிக்கட்டும் என்று ஜோசியானிடம் கேட்டாள். அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தவள் இரண்டு நாள் பேசவில்லை.

பிறகு வந்த பதில் சின்னது. ஒன்றும் அடிக்க வேண்டாம், வெறும் பனியனாக அனுப்பு, எழுதுவதை நாங்களே எழுதிக்கொள்கிறோம்.

வெறும் பனியன் அந்த ஊரிலேயே கிடைக்காதாக்கும் என்று வேல்குமார் முணுமுணுத்தான். ஜெயபாரதி போனை எடுத்தாள். என்ன நிறம் வேண்டும் என்று ஜோசியானிடம் கேட்டு, துணியின் போட்டோவை அனுப்பினாள். பதில் வருவதற்குள் கட்டிங் மாஸ்டர் தண்டாயுதபாணி மேசையில் துணியை விரித்துவிட்டார். அவர் வெட்டும் மெஷினைத் தொட, இவள் ஓடிப்போய் சுவிட்சின் மேல் கை வைத்தாள்.

“பொறுங்க. அவ இன்னும் சரின்னு சொல்லலீங்க.”