தாய்மாமன் மடி

என் தங்கை செந்தமிழ் மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். எங்கள் தெருவில் வெள்ளைக் கோட்டு போட்ட முதல் ஆள் அவள்தான். நான் ஐந்தாவதோடு நின்று, பிறகு உப்பளத்தில் உப்பு வாரி அவளைப் படிக்க வைத்தேன். பெருமைக்காகத்தான் எழுதுகிறேன்.

அவள் நர்ஸ் ஆனதற்கு என் இடது கால் காரணம். அதில் இரண்டு விரல்கள் இல்லை. அப்பா கலியன் வாங்கிய முன்பணத்துக்காக, சிறுமியாக இருந்த என்னை அய்யனார் என்பவன் வாத்து மேய்க்க ஓட்டிக்கொண்டு போனான். அறுத்த வயல்களில், தேங்கிய தண்ணீரில் நின்று நின்று கால் அழுகியது. ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், தான் எனக்குத் தாய்மாமன் என்றான். கட்டுப் போட்டு அவனோடேயே அனுப்பிவிட்டார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீடு திரும்பிய பின் அந்தக் காலைக் கழுவித் துடைத்தவள் செந்தமிழ். அவள் துடைக்கும்போதெல்லாம் அய்யனார் பெயரைச் சொல்லிக் கொடுத்தேன். மறக்கக்கூடாது என்றுதான்.

போன தை மாதம் ஒரு கிழவன், பூஜா என்ற பெண்பிள்ளையை அவளிடம் கூட்டி வந்தான். கால் விரலிடுக்கெல்லாம் வெளுத்துப் புண்ணாகியிருந்தது. பிள்ளையைக் கேட்டதற்கெல்லாம் அவனே பதில் சொன்னான். ஸ்கூல் லீவில் வந்திருக்கிறாளாம். லீவு முடிந்து பல நாள் ஆகியிருந்தது. பிள்ளை அவன் கையைப் பார்த்தே மூச்சு விட்டது.

செந்தமிழ் புண்ணைத் துடைத்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள்.

"நீங்க என்ன உறவுங்க?"

"தாய்மாமன்மா."

"அப்ப காது குத்தினப்போ உங்க மடியிலதான் உக்காந்திருக்கும்."

"பின்ன? என் மடியிலதான். என்னா அழுகை அழுதா தெரியுமா."

செந்தமிழ் பிள்ளையின் தலைமுடியை மெதுவாக ஒதுக்கிப் பார்த்தாள். இரண்டு காதிலும் ஓட்டை இல்லை.

அவள் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கட்டுப் போடும் அறையில் ஆம்பளைங்க இருக்கக்கூடாது என்று அவனை வெளியே உட்கார வைத்தாள். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டபோது பிள்ளை அழவில்லை. அம்மா செங்கல் சூளையில் இருக்கிறாள், வாத்து தொலைந்தால் மொதலாளி அடிப்பார் என்றது. மொதலாளி பேர் என்ன என்று கேட்டாள். அய்யனார், வெளியே உட்கார்ந்திருக்கிறாரே அவர்தான் என்றது.

நிலையத்து டாக்டர் அமுதவல்லி உடனே குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசினார். அவர்கள் வரும்வரை பிள்ளையை விடக்கூடாது. அவன் இரண்டு தடவை கதவைத் தட்டினான். வாத்தெல்லாம் அப்படியே கிடக்குது, கூட்டிட்டுப் போறேன் என்றான். மருந்து ஏறுதுங்க, நடுவுல புடுங்கினா காலே போயிடும் என்று செந்தமிழ் மரியாதையாகச் சொல்லி அனுப்பினாள்.

பிறகு எனக்கு போன் செய்தாள்.

"அக்கா, உன் மாமன் வந்திருக்கான். வர்றியா?"

உப்புக் காலோடு ஓடினேன். வராந்தா பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். தலை நரைத்திருந்தது, காலை ஆட்டும் பழக்கம் மாறவில்லை. எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, இடது காலை அவன் முன் நீட்டினேன்.

"என்ன மாமா, சௌக்கியமா?"

காலைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். ஆட்டிய கால் நின்றது. எழுந்து வாசல் பக்கம் போனான். அங்கே போலீஸ் ஜீப் வந்து நின்றிருந்தது.

"யாரும்மா நீ, எனக்குத் தெரியாதே" என்றான்.

"போலீஸ்காரருக்குச் சொல்றேன், கேட்டுக்கோ" என்றேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். செந்தமிழ் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பூஜா இப்போது அரசு விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அம்மாவை சூளையிலிருந்து மீட்டு வந்துவிட்டார்கள். பிள்ளையின் காலில் எல்லா விரலும் இருக்கின்றன. காது குத்து வைத்தால் மடி கொடுக்க ஆள் வேண்டுமே என்று செந்தமிழிடம் அந்த அம்மா சொன்னாளாம்.

அய்யனார் மேல் திண்டிவனம் கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. மன்னித்துவிடச் சொல்லி ஆள் அனுப்பினான். அந்த ஆளுக்கு டீ கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூலியை விட்டுவிட்டுப் போகிறேன். கோர்ட் வராந்தாவில் அவனுக்கு எதிரே உட்கார்ந்து, இடது கால் செருப்பைக் கழற்றி வைக்கிறேன்.